இலை ஊறிய தண்ணீரும் முட்டையிட வரும் கொசுவும்

கொசு எல்லாத் தண்ணீரிலும் ஒரேபோல் முட்டையிடுவதில்லை. குழாயில் பிடித்த புதுத் தண்ணீரும் ஒரு வாரம் வைக்கோல் ஊறிய தண்ணீரும் அடுத்தடுத்து இருந்தால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு வைக்கோல் தண்ணீரைத்தான் நாடும். போர்ட்டோ ரிக்கோ தீவில் பால் ரைட்டர் குழுவினர் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. ஏழு நாள் ஊறிய வைக்கோல் நீரை ஒரு கறுப்புக் குவளையிலும், அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு குழாய்த் தண்ணீர் கலந்ததைப் பக்கத்துக் குவளையிலும் ஊற்றி வைத்தார்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றிய ஒற்றைக் குவளையில் கிடைத்ததைவிட எட்டு மடங்கு முட்டைகள் அந்த ஜோடியில் கிடைத்தன. இரண்டு குவளைகளின் கூட்டுத்தொகை என்பதால் பாதியாக்கிப் பார்த்தாலும் நான்கு மடங்கு வருகிறது.

காய்ந்த புல்லுக்கும் கொசுவுக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. கொசு புல்லைத் தின்பதில்லை. அதன் புழுவும் தின்பதில்லை. இடையில் இருந்து இரண்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

பேரையூர் வட்டாரத்தில் இலையும் நீரும் சேரும் இடங்கள்

மதுரைக்குத் தென்மேற்கே, சாப்டூர் மலைகளை ஒட்டிக் கிடக்கும் பேரையூர் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பருத்தியும் சோளமும் மக்காச்சோளமும் விளைகின்றன. தண்ணீர் அருமையான ஊர்களில் வீடுதோறும் சேமிப்பு இருக்கும். பிளாஸ்டிக் டிரம், குடம், வாசலோரச் சிமெண்ட் தொட்டி, மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றும் தொட்டி என்று ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து கொள்கலன்களாவது நிற்கும். அவற்றின் தலைக்கு மேலேயே வேம்போ புங்கையோ பூவரசோ நிழல் தரும். இலை விழாத தொட்டி என்று ஒன்றைக் காண்பது அரிது. மாடு கட்டும் இடத்தில் வைக்கோலும் சோளத்தட்டையும் தண்ணீரில் விழுந்து ஊறுவது அன்றாடம் நடப்பது.

இவற்றைக்காட்டிலும் கவனத்துக்குத் தப்புவது, கிரைண்டர் வந்த பிறகு கொல்லைக்குப் போய்விட்ட ஆட்டுக்கல். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரம் கழித்து அதன் குழியை உற்றுப் பார்த்தால் நடப்பதெல்லாம் தெரியும். பூவரச இலைகள் இரண்டு மூன்று அடியில் படிந்து கறுத்திருக்கும். தண்ணீர் பழுப்பேறி, மேலே மெல்லிய ஏடு படர்ந்திருக்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் காயாத கல்லில், கரித்தூள் தெறித்தாற்போல் புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் ஏடிஸ் முட்டை. இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். குழி வற்றிக் காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் நீர்மட்டம் ஏறித் தொடும்போது பொரியும்.

அரசுக் கணக்கின்படி 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டது; 66 பேர் இறந்தார்கள். 2017-ல் எண்ணிக்கை 23,294 ஆகவும் இறப்பு 65 ஆகவும் இருந்தன. இந்த நோயின் வழித்தடம் ஆட்டுக்கல் குழி, தொட்டி போன்ற சிறு நீர்நிலைகள் வழியாகவே செல்கிறது என்பதால், கொசு எந்தத் தண்ணீரை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்பது ஆய்வகத்தோடு நின்றுவிடும் கேள்வி அல்ல.

முட்டை சுமக்கும் கொசுவின் தேடல்

பெண் கொசு மட்டுமே ரத்தம் குடிக்கிறது. ரத்தத்தின் புரதத்தைக் கொண்டுதான் அது முட்டைகளை வளர்க்கிறது. மதுரைச் சமவெளியின் வெப்பத்தில் ரத்தம் குடித்து ஏறத்தாழ மூன்று நாளில் முட்டைகள் முதிர்ந்துவிடும். அதுவரை மனித உடலின் சூட்டையும் மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவையும் மோப்பம் பிடித்துத் திரிந்த கொசுவின் நாட்டம் அப்போது மாறுகிறது. மனித வாடைக்கான ஈர்ப்பு அடங்கி, தண்ணீரின் வாடை முன்னுக்கு வருகிறது.

தேடல் படிப்படியாக நடக்கிறது. தொலைவில் கண் வழிகாட்டும். நிழலும் கறுத்த நிறப் பாத்திரமும் ஏடிஸுக்குப் பிடித்தவை. நெருங்கும்போது நீராவியின் ஈரப்பதமும் உணர்கொம்புகளில் படும் வாசனையும் இழுக்கின்றன. விளிம்பில் இறங்கிய பிறகு கால்களாலும் வாயுறுப்பாலும் தண்ணீரைச் சுவை பார்க்கிறது. இந்தக் கடைசிச் சோதனையில் தேறாத தண்ணீரை, எவ்வளவு ஆசையாக வந்திருந்தாலும், விட்டுவிட்டுப் பறந்துவிடும். ஆகவே இலை ஊறிய நீரிலுள்ள பொருட்கள் இரண்டு வகை. காற்றில் பரவித் தொலைவிலிருந்து கொசுவை அழைப்பவை ஒரு வகை. வந்து தொட்ட கொசுவை முட்டையிடத் தூண்டுபவை மற்றொரு வகை. பல ஆய்வுகள் முட்டைகளை எண்ணுவதோடு நின்றுவிடுவதால் இந்த வேறுபாடு அடிக்கடி மறைந்துபோகிறது.

முட்டையிடும் முறையிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ், நூறிலிருந்து முந்நூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தெப்பமாக நீர்மேல் மிதக்கவிடும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் தனித்தனியாக மிதக்கவிடும். ஏடிஸ் ஈஜிப்டி சுமார் நூறு முட்டைகளையும் ஒரே இடத்தில் இடாமல், பல பாத்திரங்களின் ஈரச் சுவர்களில் பிரித்து ஒட்டிவைக்கும். ஒரு பாத்திரம் கவிழ்ந்தாலும் மற்றவற்றில் வம்சம் தப்பிக்கும். டெங்குக் கட்டுப்பாட்டைக் கடினமாக்கும் பழக்கங்களில் இதுவும் ஒன்று.

சருகு அழுகும்போது நடப்பவை

தண்ணீரில் விழுந்த இலையிலிருந்து முதல் ஓரிரு நாளில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் துவர்ப்புப் பொருட்களான டானின்களும் கரைந்து இறங்குகின்றன. நீர் பழுப்பேறுவது டானின்களால். கரைந்த சத்தைத் தின்று பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. நீர் கலங்குகிறது, மேலே ஏடு கட்டுகிறது. அவை ஆக்சிஜனை வேகமாகச் செலவழிப்பதால், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்களுக்கு இடம் கிடைக்கிறது. புளிக்கும் நாற்றம் அப்போதுதான் எழும்.

அந்த நாற்றத்தின் கூறுகளை வேதியியலாளர்கள் பிரித்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். இலைப் புரதத்திலுள்ள டிரிப்டோஃபேன் சிதைந்து இண்டோலும், 3-மெத்தில் இண்டோல் எனப்படும் ஸ்கேட்டோலும் உண்டாகின்றன. டைரோசின் சிதைந்து பாரா-கிரெசால் உண்டாகிறது; இது மாட்டு மூத்திரத்திலும் இருப்பது. செல்சுவரோடு பிணைந்த பீனால் பொருட்களிலிருந்து 4-எத்தில் பீனால் வருகிறது. வாரங்கள் செல்லச் செல்ல இலையில் சத்து தீர்ந்து, வாசனையின் கலவையும் மாறிவிடும். ஊறல் நீரின் வயது, இலையின் அளவு, வெப்பம், பாத்திரம் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்பவை யாவும் கொசுவின் விருப்பத்தை மாற்றுவது இதனால்தான்.

கொசுவுக்கு இந்த நாற்றம் ஏன் பிடிக்க வேண்டும்? கொசுப்புழுவின் உணவு நீரிலுள்ள பாக்டீரியாக்களும் மட்கிய துணுக்குகளும்தான். தெளிந்த நீரில் பிறந்த புழு மெதுவாக வளரும், சிறுத்துப்போகும், பட்டினியில் சாகவும் கூடும். அழுகும் இலையின் வாடை, அங்கே உணவு இருக்கிறது என்ற அடையாளம். ஆக்சிஜன் குறைந்த நீர் புழுவுக்குப் பெரிய தடையும் அல்ல; அது வாலருகே உள்ள குழாயை நீர்ப்பரப்பில் நீட்டி வெளிக்காற்றைச் சுவாசிக்கிறது. ஏடிஸ் முட்டைக்கோ ஆக்சிஜன் குறைவதே பொரிவதற்கான சமிக்ஞை. பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் இறங்கும்போது முட்டை திறந்து புழு வெளிவரும். அதே கணத்தில் அதன் உணவும் தயாராக இருக்கும். வெறும் தண்ணீரில் நனைந்த முட்டைகளில் பல பொரியாமல் காத்துக் கிடக்கும்.

இலையா, பாக்டீரியாவா?

இந்தக் கேள்வியைத் தெளிவாகத் தீர்த்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. லோகநாதன் பொன்னுசாமி, கோபி ஷால், சார்லஸ் ஆப்பர்சன் உள்ளிட்டோர் 2008-ல் அதை வெளியிட்டார்கள். மூங்கில் இலையையும் வெள்ளை ஓக் இலையையும் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தார்கள். முட்டை சுமந்த ஏடிஸ் ஈஜிப்டி கொசுக்கள் பாக்டீரியா வளர்ந்த நீரில்தான் பெரும்பாலான முட்டைகளை இட்டன. பிறகு தூண்டும் பொருட்களைப் படிப்படியாகப் பிரித்தபோது நொனானோயிக் அமிலம், டெட்ராடெக்கனோயிக் அமிலம், பின்னதன் மெத்தில் எஸ்டர் ஆகியவை கிடைத்தன. மூன்றும் கொழுப்பு அமில வகையைச் சேர்ந்த எளிய பொருட்கள். முட்டையிடத் தூண்டும் இரண்டாம் வகையில் அடங்குபவை.

இந்த ஆய்வில் தனித்துக் கவனிக்க வேண்டியது செறிவின் பங்கு. மூன்று பொருட்களும் ஒரு குறிப்பிட்ட விகிதத்திலும் அளவிலும் சேர்ந்தபோது தூண்டுதல் மிக வலுவாக இருந்தது. அளவு மாறியதும் வலு குன்றியது. வைக்கோல் நீரிலும் இதுவே நடக்கிறது. மிதமான ஊறல் அழைக்கும், மிதமிஞ்சிய ஊறல் விரட்டும். மாதக்கணக்கில் சுத்தம் செய்யப்படாத சாக்கடை நாற்றத்தை ஏடிஸ் ஒதுக்குவதும், நாலு சருகு கிடக்கும் தொட்டியை விரும்புவதும் முரண் அல்ல. போர்ட்டோ ரிக்கோவின் ஜோடிக் குவளைகளில் ஒன்றை நீர்த்து வைத்ததும் பயன் இல்லாமல் போகவில்லை.

க்யூலக்ஸும் அனாபிலிஸும்

சாக்கடை க்யூலக்ஸின் இடம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஜோஸ்லின் மில்லர், சேனி, முல்லா மூவரும் புளித்த அருகம்புல் நீரை ஆராய்ந்து 1992-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பீனால், பாரா-கிரெசால், 4-எத்தில் பீனால், இண்டோல், ஸ்கேட்டோல் ஆகிய ஐந்தும் கலந்த கலவை க்யூலக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸை ஈர்த்தது. அவற்றில் ஸ்கேட்டோல் தனியாகவே போதுமானதாக இருந்தது, அதுவும் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். மலத்தின் நாற்றத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்று ஸ்கேட்டோல். கொசுவின் உணர்கொம்பில் ஸ்கேட்டோலை மட்டும் நுட்பமாகப் பற்றும் மோப்ப ஏற்பி ஒன்று இருப்பதை 2010-ல் வால்டர் லீல் குழுவினர் காட்டினார்கள். பேரையூர் வயலோரத்தில் கிடைக்கும் அதே அருகம்புல்லின் ஊறல் உலகின் பல நாடுகளில் க்யூலக்ஸ் பொறிகளில் ஊற்றப்படுகிறது.

அனாபிலிஸின் ருசி நேர்மாறானது. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டாவில் நடந்த ஆய்வுகளில், மலேரியா பரப்பும் அனாபிலிஸ் காம்பியே கொசு ஆறு நாள் ஊறிய புல் நீரைத் தவிர்த்து, மண் ஊறிய நீரை நாடியது. அந்த மண் நீரிலிருந்து 2015-ல் செட்ரால் என்ற ஈர்ப்புப் பொருள் கண்டறியப்பட்டது. அதை உண்டாக்குபவை கோரைக்கிழங்கில் வாழும் பூஞ்சைகள் என்பது பின்னர் தெரியவந்தது. மதுரை வட்டாரத்தில் களை எடுப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் அதே கோரைதான் இது.

மதுரை நெல்வயல்களில் கிடைத்த பாடம்

இலையை வேண்டுமென்றே தண்ணீரில் ஊறவிடும் இடம் ஒன்று உண்டு. நாற்று நடுமுன் வேம்பு, புங்கை, எருக்கு, கொளுஞ்சித் தழைகளைச் சேற்றில் மிதித்து அழுகவிடுவது தமிழ் விவசாயத்தின் பழைய வழக்கம். ஊறல் நீர் கொசுவை ஈர்க்கும் என்றால், தழையுரம் இட்ட வயல் கொசுவைக் குவிக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

மதுரையில் 1985-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் முதலான வயல் கொசுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அம்மையத்தின் விக்டரும் ரேச்சல் ரூபனும் மதுரை நெல்வயல்களில் உரங்களை ஒப்பிட்டு 2000-ல் வெளியிட்ட முடிவு எதிர்பார்ப்பைப் புரட்டிப் போட்டது. யூரியாவின் அளவு கூடக் கூடப் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் கூடின. தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்ட வயல்களில், ரசாயன உரம் இட்ட வயல்களைவிடப் புழுக்கள் குறைவாகவே இருந்தன. யூரியா தூவிய வயலில் இந்தக் கொசுக்கள் முட்டையிடுவதும் அதிகரிப்பதை அதே மையத்தின் சுனிஷ், ராஜேந்திரன், ரூபன் ஆகியோர் 2003-ல் பதிவு செய்தார்கள். யூரியா நீரில் அம்மோனியாவாகச் சிதைகிறது. அந்த நைட்ரஜனை உண்டு பாசியும் நுண்ணுயிரும் விரைவாகப் பெருகுகின்றன. கொசு தேடுவது இலையை அல்ல, நுண்ணுயிர்ப் பெருக்கத்தை என்பதற்கு இதுவும் ஒரு நல்ல சான்று.

இதே மையம் வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவையும் வயல்களில் சோதித்தது. வேம்பு புழுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. உரத்தின் பயனும் கெடவில்லை. நீர்ப்பரப்பை அடர்த்தியாக மூடும் அசோலா என்ற மிதக்கும் பெரணியும் புழுக்களைக் குறைத்தது.

முட்டையும் புழுவும் விடும் அழைப்பு

ஊறல் நீருக்குக் கொசுவின் சொந்த வாசனையும் துணை செய்கிறது. க்யூலக்ஸ் தெப்பத்தின் ஒவ்வொரு முட்டை நுனியிலும் இருக்கும் சிறு துளியில் மற்ற தாய்க்கொசுக்களை அழைக்கும் பொருள் இருப்பதை 1982-ல் லாரன்சும் பிக்கெட்டும் கண்டறிந்தார்கள். ஏடிஸ் புழுக்களிடமிருந்து ஹெனிகோசேன் என்ற 21 கார்பன் கொண்ட பொருளைக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் பிரித்தெடுத்து 2000-ல் வெளியிட்டது. புழு வளர்ந்துகொண்டிருக்கும் தொட்டி மேலும் மேலும் கொசுவை வரவழைப்பதற்குக் காரணம் ஊறலும் கொசுவின் சொந்த வாசனையும் சேர்ந்த இந்த இரட்டை அழைப்பு.

பொறியாக மாறும் ஊறல் நீர்

கொசுவின் விருப்பத்தைக் கொண்டே கொசுவைப் பிடிக்கலாம். மிக எளியது முட்டைப்பொறி: கறுப்புக் குவளை, பாதியளவு ஊறல் நீர், விளிம்பில் சாய்த்த சொரசொரப்பான மரப்பட்டி. பட்டியில் ஒட்டும் முட்டைகளை எண்ணினால், அந்தத் தெருவில் ஏடிஸ் கூடுகிறதா குறைகிறதா என்பது காய்ச்சல் பரவுவதற்கு முன்பே தெரியும். சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல்லாயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருக்கும் கிராவிட்ராப்களும் இதே வழியில் செயல்படுபவை. உட்சுவரில் பசை பூசியிருப்பதால் முட்டையிட வரும் கொசுவே ஒட்டிக்கொள்ளும்.

போர்ட்டோ ரிக்கோவில் 19 லிட்டர் கறுப்பு வாளியில் வைக்கோலும் தண்ணீரும் நிரப்பிய பசைப்பொறிகள், சில ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று வீதம் வைக்கப்பட்டன. சிக்குன்குனியா பரவியபோது, பொறி வைத்த ஊர்களில் தொற்றியவர்களின் விகிதம் வைக்காத ஊர்களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. முட்டை சுமக்கும் கொசு ஏற்கெனவே ஒருவரைக் கடித்த கொசு; கிருமியைச் சுமக்க வாய்ப்புள்ளதும் அதுவே. அதைப் பிடிப்பது மற்ற கொசுக்களைப் பிடிப்பதைவிடப் பலன் தருவது இதனால்தான்.

பொறிக்கு ஒரு வரம்பு உண்டு. ஏடிஸ் முட்டைகளைப் பிரித்து இடுவதால், சுற்றிலும் மூடாத டிரம்களும் சருகு விழுந்த தொட்டிகளும் இருக்கும் வீட்டில் பொறி பல பாத்திரங்களில் ஒன்றாகிவிடும். முதலில் அவற்றை ஒழிக்க வேண்டும், பிறகுதான் பொறி. கவனிக்காமல் விட்டால் பொறியே கொசுப் பண்ணையாகிவிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏடிஸுக்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

பேரையூர் வீட்டுக்கு இந்த அறிவியல் சொல்வது இவ்வளவு: தொட்டியில் விழுந்த இலையை அன்றே எடுக்க வேண்டும், டிரம்மை மூடியாலோ இறுகக் கட்டிய துணியாலோ மூட வேண்டும், மாட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை முழுதும் வடிக்க வேண்டும். வடித்த நீரைச் சாக்கடையில் விடாமல் வெயில்படும் காய்ந்த மண்ணில் கொட்டினால் புழு அங்கேயே சாகும். தண்ணீரைக் கொட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. முட்டை இருப்பது சுவரில் என்பதால், தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே மறுபடி தண்ணீர் பிடிக்க வேண்டும்.